பூத்துக் கொட்டும் கொடி

பூசணி இனத்துக் கொடியை வீட்டுத் தோட்டத்தில் விதை ஊன்றி வளர்த்த எவரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கின்றனர். கொடி செழித்துப் படர்கிறது, விடியலில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூக்கள் விரிகின்றன, ஆனால் காய் நிற்பதில்லை. பூவுக்கு அடியில் பிஞ்சு போலத் தோன்றியதும் மூன்று நான்கு நாளில் மஞ்சளித்து, வெம்பி, தொட்டதும் உதிர்ந்துவிடுகிறது. சத்துக் குறைவு என்று கருதி எருவைக் கூட்டுவோரும், பூ கொட்டாமலிருக்கத் தேமோர்க் கரைசல் தெளிப்போரும் உண்டு. அப்படிச் செய்த பிறகு சில வேளைகளில் காய் பிடித்தும் விடுவதால் வைத்தியத்தின் மேல் நம்பிக்கை வலுக்கிறது. ஆனால் உதிர்ந்த பிஞ்சு பெரும்பாலும் பசியால் இறந்ததன்று. அதற்குள் விதை ஒன்றும் உருவாகாததால் கொடியே அதைக் கைவிட்டிருக்கிறது. கொடி எதைக் கண்டு ஒரு பிஞ்சை வைத்துக்கொள்கிறது, எதைக் கண்டு உதறுகிறது என்பதைப் பட்டர்நட் பூசணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த அத்தியாயம் ஆராய்கிறது.

பரங்கியின் உடன்பிறப்பு

சந்தன நிறத் தோலும், நீண்ட கழுத்தும், அடியில் பருத்த வயிறும் கொண்ட பட்டர்நட் பூசணி, அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு நகரக் கடைகளில் வெளிநாட்டுக் காய்கறி என்ற பெயரில் விற்கப்படுகிறது. தாவரவியல் கணக்கில் அது அவ்வளவு அந்நியமன்று. தமிழ்நாட்டில் பரங்கிக்காய் என்றும், மஞ்சள் பூசணி என்றும், கொங்கு வட்டாரத்தில் அரசாணிக்காய் என்றும் வழங்கும் காய்களில் பெரும்பாலானவை எந்தச் சிற்றினத்தைச் சேர்ந்தவையோ அதே குக்குர்பிட்டா மோஸ்காட்டாவைச் சேர்ந்ததே பட்டர்நட்டும். இந்தச் சிற்றினம் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலத் தாழ்நிலங்களில் பயிராக்கப்பட்டது. கொலம்பசுக்குப் பிந்தைய கடல் வணிகத்தின் வழியே ஆசியாவுக்கு வந்தது. திருஷ்டிக்கு உடைக்கும் வெண்பூசணியோ வேறு பேரினம். பெயரால் நெருங்கியிருந்தாலும் பட்டர்நட்டோடு அது கலக்க முடியாது. யாரோடு கலக்கும், யாரோடு கலக்காது என்ற இந்த விவரம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் தேவைப்படும்.

வெப்பமண்டலத்தில் பிறந்த செடி என்பதால் அதன் விதை முளைக்கச் சூடான மண் வேண்டும். 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே விதை அசைவதில்லை. 25 முதல் 35 டிகிரிக்குள் ஒரு வாரத்தில் முளை வெளியே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஆடிப்பட்டமோ தைப்பட்டமோ, மண்ணின் சூடு ஒரு தடையாவதில்லை.

தட்டையாக ஊன்றிய விதை

விதையைச் செங்குத்தாகக் குத்தி வைப்பதா, படுக்க வைப்பதா என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றும். முளைத்து வரும் பூசணிக் கன்றை அருகிருந்து பார்த்தால் அதற்கு ஒரு பொருள் இருப்பது விளங்கும். விதையின் கூரிய முனையிலிருந்து முதலில் வேர் வெளிப்பட்டுக் கீழே வளைகிறது; வேரும் தண்டும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு மேடு புடைத்து எழுந்து, விதைத்தோலின் கீழ்ப்பாதியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. இதை முளைக்கொக்கி என்று அழைக்கலாம். கொக்கி தோலைப் பிடித்திருக்க, கூன் போட்ட தண்டு நிமிரும் விசையில் வித்திலைகள், அதாவது விதைக்குள் உணவைச் சேமித்து வைத்திருக்கும் முதல் இரண்டு இலைகள், தோலைவிட்டு உருவிக்கொண்டு மேலே வருகின்றன. தாவரங்களின் அசைவாற்றலைப் பற்றிச் சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிசின் துணையோடு 1880இல் வெளியிட்ட நூலில் பூசணி முளையின் இந்தக் கொக்கி நுணுக்கமாக விவரிக்கப்பட்டுள்ளது.

கொக்கி எந்தப் பக்கம் முளைக்க வேண்டும் என்பதைப் புவியீர்ப்பு தீர்மானிக்கிறது. 1998இல் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்றில் எடையின்மையில் முளைக்கவைக்கப்பட்ட வெள்ளரி விதைகளில் கொக்கி ஒரு பக்கத்துக்குப் பதிலாக இரு பக்கமும் வளர்ந்திருந்தது. வெள்ளரியும் பூசணியும் ஒரே குடும்பம் என்பதால் அந்தப் பாடம் இரண்டுக்கும் பொருந்தும். தட்டையாகப் படுக்கவைத்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணால் மூடிய விதையில் கொக்கி தோலின் விளிம்பைச் சரியாகப் பற்றுகிறது. கோணலாகக் குத்தி ஊன்றினாலோ, போதிய மண் மூடாமல் விட்டாலோ, தோல் தொப்பி போல வித்திலைகளின் மேல் ஒட்டிக்கொண்டே வெளியே வரும். ஈரத்துணியால் நனைத்து மெல்ல அகற்றாவிட்டால் கன்று சுணங்கும்.

பூசணி வேர் தொந்தரவைப் பொறுக்காதது என்பதால் நிற்கப்போகும் இடத்திலேயே, குழிக்கு நான்கைந்து விதை ஊன்றி, பதினைந்து நாளுக்குப் பின் வாளிப்பான இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைந்துவிடுவது பழகிய முறை. கொடிக்குக் கொடி இரண்டு மீட்டர் இடம் தேவை. எருவைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை போதும்: தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகுந்தால் கொடி இலையாகவே ஓடும், காய் பிடிக்காத கொடிக்கு யூரியா போடுவது நோயை வளர்க்கும் மருந்து.

இருவகைப் பூக்கள்

பூக்கத் தொடங்கிய கொடியில் இரண்டு வகைப் பூக்கள் உண்டு. நீண்டு மெலிந்த காம்பின் நுனியில் நேராக நிற்பது ஆண் பூ. அதன் நடுவில் மகரந்தத்தாள்கள் ஒன்றாக இணைந்து ஒரே தூணாக எழுந்து, மேலே மஞ்சள் தூளைச் சுமந்திருக்கும். குட்டையான காம்பில், இதழ்களுக்குக் கீழே கட்டைவிரல் அளவுக்குப் பச்சையாகப் புடைத்திருப்பது பெண் பூ. பட்டர்நட்டில் இந்தப் புடைப்புக்கு அப்போதே சிறு கழுத்தும் வயிறும் இருக்கும். தோட்டக்காரர் பிஞ்சு என்று மகிழ்வது இதைத்தான். உண்மையில் அது இன்னும் பிஞ்சாகவில்லை. பூ மொக்காக இருந்தபோதே இருந்த சூலகம் அது. சூலகம் என்பது சூல்களை உள்ளடக்கிய பை. சூல் என்பது மகரந்தம் சேர்ந்தால் விதையாகக்கூடிய நுண்ணிய மணி. எனவே பிஞ்சு உதிர்ந்தது என்று சொல்லப்படும் நிகழ்வுகளில் பல, உண்மையில் சூல் கொள்ளாத பூ உதிர்ந்ததே ஆகும்.

கொடி முதலில் ஆண் பூக்களையே விடுகிறது. ஒன்றிரண்டு வாரம் கழித்தே பெண் பூக்கள் தலைகாட்டுகின்றன. அந்த முதல் வாரங்களில் பூத்துக் கொட்டுபவை அனைத்தும் ஆண் பூக்கள் என்பதால் அவை உதிர்வது குறித்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. பின்னரும் ஆண் பூக்களே பல மடங்கு மிகுதி. பகல் நீண்டு வெப்பம் கூடினால் ஆண் பக்கமும், பகல் குறுகி இரவு குளிர்ந்தால் பெண் பக்கமும் சாய்வது பூசணிக் குடும்பத்தின் இயல்பு. இந்தச் சாய்வைக் கொடிக்குள் நடத்துவதில் எத்திலீன் என்ற வாயு வடிவ வளர்ச்சி ஊக்கிக்கு முதன்மைப் பங்கு உண்டு. எத்திலீனை வெளியிடும் எத்ரல் மருந்தை 10 லிட்டர் நீருக்கு 2.5 மில்லி வீதம் கலந்து, இளங்கொடியில் வாரம் ஒரு முறையாக நான்கு முறை தெளித்துப் பெண் பூக்களைக் கூட்டுமாறு தமிழ்நாட்டு உழவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதும் இந்த அடிப்படையில்தான். வயலுக்கு அது பொருந்தும். இரண்டு கொடி உள்ள வீட்டில், கிடைக்கும் பெண் பூக்களே சூல் கொள்ளாமல் உதிரும்போது, மேலும் பெண் பூக்களை வரவழைத்து ஆகப்போவது ஏதுமில்லை.

ஒரே ஒரு காலைப்பொழுது

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு பெண் பூவைப் பின்தொடரலாம். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் அது விரிகிறது. வெயில் ஏறி முற்பகல் முடிவதற்குள் இதழ்கள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. மறுநாள் அது விரிவதில்லை. ஆண் பூவுக்கும் அதே ஆயுள். இந்த நான்கைந்து மணி நேரத்துக்குள் ஆண் பூவின் தூள் பெண் பூவின் நடுவிலுள்ள சூலகமுடியை, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பிசுபிசுப்பான மூன்று மடல் பகுதியை, அடைந்தாக வேண்டும்.

காற்று இதற்கு உதவாது. பூசணி மகரந்தத்தின் மணி ஒன்று ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் பெரியது. காற்றில் மிதக்கும் நெல் மகரந்தத்தைவிட இரு மடங்குக்கும் மேல் பருமன். மேற்பரப்பெல்லாம் முள்ளும் எண்ணெய்ப் பசையுமாக, பூச்சியின் உடல் மயிரில் ஒட்டுவதற்கென்றே அமைந்தது. அமெரிக்கக் கண்டங்களில் இதைச் சுமக்கப் பூசணித் தேனீ என்று தனி இனமே உண்டு. அது கூட்டமாக வாழாமல் மண்ணில் வளை தோண்டி வாழ்கிறது. பெண் தேனீ தன் குஞ்சுகளுக்குப் பூசணி இன மகரந்தத்தையே சேர்க்கிறது. ஆண் தேனீக்களோ காலையெல்லாம் பூவுக்குப் பூ தாவிவிட்டு, மூடிக்கொண்ட பூவுக்குள்ளேயே பகலில் உறங்குகின்றன. பூசணி ஆசியாவுக்கு வந்தபோது இந்தத் தேனீ உடன் வரவில்லை. இங்கே அந்த வேலையைப் பொந்துத் தேனீ, மலைத்தேனீ, கொசுத்தேனீ முதலியவை செய்கின்றன. அவற்றுக்குப் பூசணி பல பூக்களில் ஒன்று. நான்காவது மாடியின் மொட்டை வெளிக்கு அவை அந்த நேரத்தில் வந்து சேரும் என்பதற்கு உறுதி இல்லை. தோட்டக்காரர் ஏழு மணிக்கு மாடிக்குப் போய்ப் பூவைக் கண்டு களித்துத் திரும்பும்போது பூவுக்குத் தேவையானது நடக்காமலே போயிருக்கும்.

அதைக் கையால் செய்வது எளிது. அன்று காலை விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்து நீக்கி, நடுத்தூணைப் பெண் பூவின் சூலகமுடியில் மூன்று மடல்களிலும் படும்படி மெல்ல உருட்டித் தடவ வேண்டும். மூன்று மடல்களும் முக்கியம். பட்டர்நட்டின் ஒரு சூலகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சூல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சூலுக்கும் தனியாக ஒரு மகரந்த மணி தேவை. ஒரு பக்கம் மட்டும் தூள் விழுந்தால் அந்தப் பக்கத்துச் சூல்கள் மட்டும் விதையாகி, காய் ஒருபக்கம் பருத்துக் கோணலாகும்.

இனி ஒரு சிக்கலைச் சேர்க்கலாம். அன்று காலை பட்டர்நட் கொடியில் பெண் பூ மட்டும் விரிந்திருக்கிறது. ஆண் பூ இல்லை. ஆனால் வேலியோரப் பரங்கிக் கொடியில் ஆண் பூக்கள் நிறைய உள்ளன. இரண்டும் ஒரே சிற்றினம் என்பதால் பரங்கியின் மகரந்தத்தைக் கடன் வாங்கலாம். தடவிய ஒரு மணி நேரத்துக்குள் மகரந்த மணிகள் முளைத்து, கண்ணுக்குப் புலப்படாத குழாய்களை உள்ளே நீட்டுகின்றன. ஏறத்தாழ ஒரு நாளில் அவை சூல்களை அடைகின்றன. மூன்றாம் நாள் சூலகம் பச்சை மினுமினுப்போடு இருக்கும். ஐந்தாம் நாள் அளவு பெருத்திருப்பது தெளிவாகத் தெரியும். அதே கொடியில், அதே நாளில் விரிந்து மகரந்தம் படாது போன இன்னொரு சூலகம் இதற்குள் மஞ்சளித்திருக்கும். எரு ஒன்று, நீர் ஒன்று, வெயில் ஒன்று. இரண்டுக்கும் இடையே வேறுபட்டது அந்தச் சிட்டிகைத் தூள் மட்டுமே.

விதைகள் விடுக்கும் செய்தி

மகரந்தம் சேர்ந்த செய்தி சூலகத்தின் சதைக்கு எப்படித் தெரிகிறது? சூல் கொண்டு வளரத் தொடங்கும் விதைகள் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கின்றன. அது சுற்றியுள்ள திசுவை வளரத் தூண்டுகிறது, வளரும் திசு இலைகள் தயாரித்த சர்க்கரையைத் தன்பக்கம் இழுக்கிறது, காம்பின் அடியில் உதிர்வுக்கான அடுக்கு உருவாகாமல் தடுக்கப்படுகிறது. இதை மிக அழகாகக் காட்டிய சோதனை பூசணியில் நடந்ததன்று, ஸ்ட்ராபெரியில் நடந்தது. அந்தப் பழத்தின் விதை மணிகள் வெளித்தோலிலேயே ஒட்டியிருப்பதால் அவற்றைக் கத்தி முனையால் அகற்ற முடியும். 1950இல் ழான் நிட்ச் இளம் பழங்களிலிருந்து மணிகளை அகற்றியபோது சதை வளராமல் நின்றது. மணிகளுக்குப் பதிலாக ஆக்சின் கலந்த பசையைத் தடவியபோது வளர்ச்சி தொடர்ந்தது. ஆக, சதையை வளர்க்குமாறு தாய்ச்செடிக்குச் சொல்வது விதையே. விதையற்ற சூலகம் கொடிக்குச் செலவு மட்டுமே.

ஆனால் மகரந்தம் சேர்ந்தும் உதிர்வதுண்டு. முன்னரே இரண்டு மூன்று காய்கள் பெருத்துக்கொண்டிருக்கும் கொடியில், அவற்றின் விதைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருப்பதால், புதிதாகச் சூல் கொண்டவை தோற்றுப்போகின்றன. பரங்கியை இளங்காயாகப் பறித்துச் சமைக்கும் வீடுகளில் கொடி அடுத்தடுத்துக் காய்ப்பது இதனால்தான். பறிக்கப் பறிக்க இடம் காலியாகிறது. முற்றும் வரை விட்டுவைக்க வேண்டிய பட்டர்நட்டில் அது இயலாது. தரையில் நன்கு படர்ந்த கொடியே பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து காய்களைத்தான் முற்றவைக்கிறது, பையில் வளரும் கொடி அதிலும் குறைவு. மூன்றாவது காரணம் பழ ஈ. உதிர்ந்த பிஞ்சைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: தோலில் ஊசி குத்திய தழும்பும், அதில் பிசின் கசிவும், உள்ளே நெளியும் வெள்ளைப் புழுவும் இருந்தால் குற்றவாளி ஈ, உள்ளே சுத்தமாக, சூல்கள் கடுகளவுகூட இல்லாமல் இருந்தால் மகரந்தம் சேரவில்லை. காய் பிடித்ததும் துணிப்பையோ காகித உறையோ கட்டிவிடுவது ஈக்கு எளிய தடுப்பு.

கழுத்தும் வயிறும்

பட்டர்நட்டின் விதைக்குழி முழுவதும் பூ இருந்த அடிமுனையில், வயிற்றுக்குள் அடங்கிவிடுகிறது. காம்பை ஒட்டிய கழுத்து முழுக்கச் சதை. சமையலறைக்கு விருப்பமான இந்த அமைப்பு தானாக நிலைத்ததன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டோ என்ற ஊரில் சார்லஸ் லெக்கெட் என்பவர் 1940களில் பட்டர்நட்டை உருவாக்கினார். தொடக்க காலக் கொடிகளில் வளைந்த நெடுங்கழுத்துக் காய்களும் இடையிடையே வந்துகொண்டிருந்தன. பிறகு அதே மாநிலத்தின் வால்தம் ஆய்வு நிலையத்தில், கழுத்து நேராகவும் தடிப்பாகவும் அமைந்த கொடிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய வால்தம் பட்டர்நட் ரகம் 1970இல் அனைத்து அமெரிக்கத் தேர்வு விருதைப் பெற்றது. வீட்டுத் தோட்டத்தில் இன்றும் பரவலாக விதைக்கப்படுவது அதுவே.

மகரந்தம் சேர்ந்து ஏறக்குறைய 50 முதல் 60 நாளில் காய் முற்றுகிறது. காம்பை ஒட்டிய பச்சைக் கோடுகள் மறைந்து தோல் சீராகச் சந்தன நிறமடைவதும், காம்பு காய்ந்து கட்டை தட்டுவதும், நகத்தால் அழுத்தினால் தோலில் பள்ளம் விழாததும் முதிர்ச்சியின் அடையாளங்கள். காம்பை இரண்டு விரற்கடை விட்டு நறுக்கி, காற்றோட்டமான நிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்தால், தோல் இறுகுவதோடு சதையிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. பறித்த அன்றே சமைத்துவிட்டு இனிப்பில்லை என்று குறைப்படுவது அந்தக் காய்க்கு நியாயம் செய்வதாகாது.

காய் தாயுடையது, விதை இருவருடையது

கடன் வாங்கிய பரங்கி மகரந்தத்தால் பிடித்த அந்தக் காய், முற்றியபின் எப்படி இருக்கும்? கழுத்து, நிறம், சுவை எல்லாவற்றிலும் அசல் பட்டர்நட்டாகவே இருக்கும். காயின் தோலும் சதையும் தாய்க்கொடியின் சூலகச் சுவர் பெருத்ததால் உண்டானவை. மகரந்தத்தின் மரபுப் பொருள் அவற்றில் கலப்பதில்லை. அது கலந்திருப்பது உள்ளே இருக்கும் விதைகளின் கருவில். அந்த விதைகளை ஊன்றினால் வரும் கொடிகள் பாதி பட்டர்நட்டும் பாதி பரங்கியுமாக இருக்கும்; காயின் கழுத்து நீளமும் தோல் நிறமும் எப்படி அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. கடையில் வாங்கிய காயின் விதையை ஊன்றி எதிர்பாராத உருவில் காய் கண்டவர்களின் வியப்புக்கும் இதுவே காரணம்; அவர்கள் கண்டு வாங்கியது தாயின் உருவத்தை மட்டும், தந்தை யாரென்பது காயின் மேல் எழுதப்பட்டிருப்பதில்லை. கடைக் காய் வீரிய ஒட்டு ரகமாக, அதாவது இரு வேறு தூய வழிகளை இணைத்துப் பெற்ற முதல் தலைமுறையாக இருந்தால், அயல் மகரந்தமே படாவிட்டாலும் அதன் பிள்ளைகள் பல உருவங்களாகப் பிரியும்.

ரகம் மாறாமல் விதை எடுக்க விரும்புவோர் தேனீயை முந்திக்கொள்ள வேண்டும். மறுநாள் விரியப்போகும் மொக்கின் நுனியில் முதல் நாள் மாலையே மஞ்சள் படர்ந்திருக்கும். அத்தகைய ஆண் மொக்கு இரண்டையும் பெண் மொக்கு ஒன்றையும் தேர்ந்து, நுனிகளை நூலால் கட்டிவிட வேண்டும். காலையில் கட்டவிழ்த்து, தூளைத் தடவி, பெண் பூவின் இதழ்களை மீண்டும் சேர்த்துக் கட்டி, காம்பில் வண்ண நூல் ஒன்றைச் சுற்றிவைத்தால் அந்தக் காயின் பரம்பரை ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். தன் கொடியின் மகரந்தமே தன் பூவில் சேர்வதால் வரும் நலிவு பூசணி இனத்தில் குறைவு. ஆகவே ஒரே கொடியின் இருவகைப் பூக்களையும் பயன்படுத்தலாம், இடம் உள்ளவர்கள் இரண்டு மூன்று கொடிகளிடையே மாற்றிச் சேர்ப்பது இன்னும் நல்லது. நூல் சுற்றிய காயைப் பறித்தபின் மூன்று நான்கு வாரம் வெட்டாமல் வைத்திருந்தால் விதைகள் உள்ளேயே மேலும் பருப்புக் கட்டுகின்றன. பிறகு அவற்றை நாரிலிருந்து பிரித்துக் கழுவி, மிதப்பவற்றை நீக்கி, நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்தால் நான்கைந்து ஆண்டு வரை முளைப்புத் திறன் தாங்கும். உறையின் மேல் ரகத்தின் பெயரோடு மகரந்தம் எந்தக் கொடியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.